கூரைக்காகக் கேட்டல்

மழை பெய்யுந்தோறும் பகவன் திருவுருவின்மீது துணி போர்த்த வேண்டிய நிலையில் ஒரு சங்க மண்டபம் இருக்குமாயின், அதன் உபாசகர்கள் பிறரிடம் கையேந்துதல் தகுமா? தகும் என்பதில் ஐயமில்லை. எவ்வாறு ஏந்துதல் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பெங்களூரில் எம் பேட்டைச் சங்கத்திற்குச் சென்ற ஆண்டு இவ்விடர் நேர்ந்தது. மங்களூர் ஓடுகள் பாதி உடைந்துபோயின. கைமரங்கள் இரண்டைச் செல்லரித்துவிட்டது. அரசாங்கத்தின் மானியம் பெற்றுத் தருவதாக இளைஞர் ஒருவர் முன்வந்தார். அவர் எழுதிக் கொணர்ந்த விண்ணப்பத்தில் எம் வழிபாட்டு மண்டபம் 'வாசகசாலை' ஆகியிருந்தது. வேலைக்குரிய செலவு மும்மடங்கு ஏறியிருந்தது. காலஞ்சென்ற பெரியவர் ஒருவர் பெயரில் கத்தா உள்ள இடம், சங்கத்தின் சொத்தென்று குறிக்கப்பட்டிருந்தது. "எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், ஐயா, நல்ல காரியத்திற்குத்தானே?" என்றார். அவர் தீயவர் அல்லர். ஒழுகும் நீரைத் தம் கையால் வாரி இறைத்தவர் அவரே.

அவர் கூற்றில் வலிமையும் உண்டு. தலைமுறை தலைமுறையாக நம் மக்களுக்குக் கதவடைத்த நாட்டிலே, நாமும் வரி செலுத்துகிறோம். நமக்குரியதை வாங்குவதற்கு ஒரு சொல்லை மாற்றினால் என்ன குற்றம்? நூற்பாலையில் முப்பதாண்டு உழைத்தவன் யான். நேரே கேட்டுக் கிடையாததைச் சுற்றிக் கேட்டு வாங்கிய தொழிலாளரை அறிவேன். அவர்களைப் பழிக்க எனக்கு மனமில்லை.

ஆயினும், பௌர்ணமிதோறும் அம்மண்டபத்தில் அமர்ந்து நான்காம் சீலத்தை ஓதுகின்றோம். பொய்யுரையால் வந்த ஓட்டின்கீழ் இருந்து, பொய்யுரையேன் என்று ஓதுவது எங்ஙனம்? அன்றியும் அப்பொய் ஒன்றோடு நில்லாது. மத்திய அரசாங்கத்தின் நிதி விதிகளின்படி, இத்தகைய மானியம் பெற்ற சங்கம் நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் பயன்பாட்டுச் சான்று கொடுத்தல் வேண்டும். அப்பணத்தாற் பெற்ற சொத்தை மானியம் அளித்தவரின் இசைவின்றி விற்றலும் ஆகாது. மும்மடங்கு எழுதியவர் மும்மடங்குக்கும் பற்றுச்சீட்டுத் தேட வேண்டும். கணக்கெழுதும் அன்பர் இரண்டாம் பொய்யையும், தலைவர் மூன்றாம் பொய்யையும் சுமப்பர்.

மிகுதியாகக் கேட்டலின் கேட்டை விநயபிடகம் நன்கு விளக்குகிறது. ஆளவி நகரத்துப் பிக்குகள் தமக்குக் குடில் கட்டும்பொருட்டு ஆள் தருக, எருது தருக, வண்டி தருக, கோடரி தருக என்று ஓயாது இரந்தனர். மக்கள் அவர்களைக் கண்டதும் வேறு தெருவில் ஓடினர், கதவைச் சாத்தினர். தொலைவில் பசுக்களைக் கண்டும் பிக்குகள் வருகின்றனரென்று அஞ்சி ஓடினராம்! (நன்கொடைப் புத்தகத்தோடு நாம் தெருவில் இறங்கும்போது எத்தனை கதவுகள் சாத்துகின்றன என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.) பகவன் அப்பிக்குகளைக் கடிந்தார். கட்டுவதை அறவே தடுத்தாரில்லை. தாமே இரந்து கட்டும் குடிலுக்கு நீளம் 12 சாண், அகலம் 7 சாண் என்று அளவு விதித்தார். இடத்தைப் பிற பிக்குகள் பார்த்து ஒப்புதல் வேண்டுமென்றார். கேட்பவனுக்கு அளவும், இடத்திற்குச் சாட்சியும் அன்றே வேண்டப்பட்டன.

வாசகசாலை என்று எழுத விரும்பினால், முதலில் வாசகசாலை நடத்துவோம். மாலையில் பிள்ளைகளுக்கு விளக்கேற்றிப் பாடம் சொல்வோம். நாளிதழ் இரண்டு போடுவோம். ஓராண்டு வருகைப் பதிவேடு இருந்தால் அச்சொல் மெய்யாகிவிடும். வழிபாட்டிடத்தை வழிபாட்டிடம் என்றே சொல்லிக் கேட்பதற்கும் வழி இல்லாமலில்லை. பௌத்த, திபெத்தியக் கலை பண்பாட்டு வளர்ச்சிக்கென மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் நிதியுதவித் திட்டம் வகுத்துள்ளது. அதற்குப் பதிவுச் சான்றும் தணிக்கை செய்த கணக்கும் வேண்டும். நம் சங்கங்கள் பலவற்றில் இவ்விரண்டுமே இல்லை; கூரையினும் பெரிய ஓட்டை இதுவே.

ஆவணம் மட்டும் போதுமோ என்றால், போதாது. நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்திற்கு இராசராச சோழன் 1006-ஆம் ஆண்டையொட்டி ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்தான். அக்கொடையைக் கூறும் லெய்டன் செப்பேடுகள் 21 ஏடுகளாக இன்றும் அழியாதிருக்கின்றன. நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற பழைய பௌத்தக் கட்டடமோ, சென்னை அரசாங்கத்தின் அனுமதியோடு 1867-இல் இடிக்கப்பட்டது. தடுத்துக் கேட்கப் பௌத்தக் குடிகள் அங்கே இருந்திலர். மாரிக்குப்பத்தில் 1907-இல் அயோத்திதாச பண்டிதரின் சங்கத்திற்குக் கிளை தோன்றியபோது எந்த அரசனும் ஊர் எழுதி வைக்கவில்லை; தங்கச் சுரங்கத் தொழிலாளரே அதைத் தாங்கினர். அச்சுரங்கமும் 2001-இல் மூடப்பட்டது. கொடையும் நிற்கும், கூலியும் நிற்கும். ஆதலின் ஒன்றையே நம்பியிருத்தல் இயலாது.

யாம் செய்தது இது. அவ்விண்ணப்பத்தை அனுப்பவில்லை. வீட்டுக்கு மாதம் ஒரு சிறுதொகை திரட்டிக் கைமரம் இரண்டையும் மாற்றினோம். ஓடுகளுக்கு மெய்யான மதிப்பீட்டை எழுதுவித்தோம்; அதை எழுதியவர் அவ்விளைஞரே. கத்தாவைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றப் பெரியவரின் பேரர் மூவருள் இருவர் ஒப்பமிட்டனர். மூன்றாமவர் ஓசூரில் இருப்பதாகக் கேள்வி. வரும் ஞாயிறன்று அவரைத் தேடிப் போகிறோம்.