எழுதும் வேளைக்கு ஒரு வாரியம்

வீட்டிலிருந்து எழுதுகிறவர்களுக்குச் சொல்லப்படும் யோசனைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்திரு, அறைக்கதவைச் சாத்திக்கொள், மனதை அடக்கு, தினமும் ஒரே நேரத்தில் உட்கார். நல்ல யோசனைகள்தான். ஆனால் எங்கள் வீட்டில் நான்கு மணி ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டது. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பல வீடுகளிலிருந்து யாராவது ஒருவர் ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ வேலைக்குப் போகிறார். என் கணவரும் அப்படித்தான். முதல் ஷிப்டு என்றால் விடிவதற்குள் கம்பெனி பஸ் ரோட்டுக்கு வந்துவிடும். அதற்குள் டிபன் பாக்ஸ் கட்டியாக வேண்டும். அடுத்த வாரம் இரண்டாம் ஷிப்டு, அவர் வந்து சாப்பிட்டுப் படுக்க நள்ளிரவு தாண்டிவிடும். நைட் ஷிப்டு வாரத்தில் பகலெல்லாம் அவர் தூங்க வேண்டும். மிக்ஸி போட முடியாது, பிள்ளைகளையும் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டின் கடிகாரம் ஷிப்டின் கையில் இருக்கும்போது தினமும் ஒரே நேரம் என்பது எங்கிருந்து வரும்?

கவனம் சிதறுவதை நாம் எழுதுகிறவரின் மனக்குறையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டில் எழுதும் நேரம் மனவலிமையால் கிடைப்பதில்லை. கூட இருப்பவர்கள் ஒப்புக்கொண்ட ஓர் ஏற்பாட்டால் கிடைக்கிறது.

"சும்மாதான குந்தினு இருக்க, இந்தப் பாலைக் கொஞ்சம் பாத்துக்கம்மா" என்பார் என் மாமியார். அந்தச் சொல்லில் துளியும் குரோதம் கிடையாது. சேற்றில் இறங்கி நடவு நட்டு, களை எடுத்து வாழ்ந்தவர் அவர். கை அசைந்தால்தான் அவருக்கு வேலை. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவர் கண்ணுக்குச் சும்மா இருப்பவள்தான். அதே அரைமணியில் கீரைக்காரம்மா கூப்பிடுவார், சிலிண்டர் வண்டி வரும், குழுக் கடன் தவணை வாங்க ஆள் வரும், பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் விட்டுவிடுவார்கள்.

இந்த அழைப்புகளையும் செல்போனையும் ஒரே பட்டியலில் சேர்ப்பது தவறு. பாலை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பும்போது பாதியில் விட்ட வாக்கியம் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. சில நேரம் அடுப்படியில் நிற்கும்போதே அதன் மீதி வந்துவிடுகிறது. செல்போனைப் பார்த்துவிட்டு வந்தால் அப்படி இல்லை. தலைக்குள் வேறு நாலு பேருடைய வாக்கியங்கள் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் எழுதும் வேளையில் என் போன் பீரோவுக்குள் போய்விடும். பள்ளிக்கூடத்தில் மாமியாரின் பட்டன் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.

தமிழில் வீட்டோடு இருந்து எழுதிய பெண்கள் எப்படி நேரம் கண்டார்கள் என்று பார்த்தால், அநேகமாக ஒவ்வொருவருக்குப் பின்னாலும் இன்னொருவர் நிற்கிறார். வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு ஆரம்பத்தில் சரளமாக எழுத வராது. 1924இல் வெளிவந்த 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் தோழி பட்டம்மாள். அதற்குப் பிறகு கோதைநாயகி 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தினார், நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களைத் தந்தார். கவிஞர் சல்மா துவரங்குறிச்சியில், புகுந்த வீட்டார் அறியாமல் இரவில் கழிப்பறையில் நின்றபடி எழுதினார். அந்தக் கவிதைகளை வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவருடைய தாயார். ஆண் எழுத்தாளரான அசோகமித்திரனுக்கோ தியாகராய நகர் நடேசன் பூங்கா இருந்தது. வீட்டில் இடம் போதாமல் அங்கே போய் உட்கார்ந்து எழுதினார். எங்கள் ஏரிக்கரையில் ஒரு பெண் நோட்டோடு தனியாக உட்கார்ந்தால், வீட்டில் ஏதாவது சண்டையா என்று நாலு பேர் வந்து விசாரிப்பார்கள்.

ஒரு காலத்தில் உத்திரமேரூர் ஏரியைப் பராமரிக்கவே ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம், அதாவது குழு, இருந்தது என்கிறது அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர். முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறைக்காக ஊரே பெருமைப்படும் சுவர் அது. என்னை அதில் நிறுத்தியது வேறொன்று. வாரியப் பொறுப்பு 360 நாள்தான். அதில் இருந்தவர் பெயரை அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு ஓலையில் எழுதக்கூடாது. பொறுப்பு ஒருவர் தலையிலேயே நிற்காமல் கைமாற, யாருடைய பெருந்தன்மையையும் அவர்கள் நம்பியிருக்கவில்லை. விதியாகவே எழுதிவைத்தார்கள். அந்தச் சபையில் பெண்களுக்கும் நிலமில்லாதவர்களுக்கும் இடமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் அந்த விதி நல்ல விதி. நம் வீடுகளில் பால், தண்ணீர், வாசலில் வந்து நிற்பவர் என எல்லாவற்றுக்கும் ஆண்டாண்டாக ஒருத்தியின் பெயரைத்தானே எடுக்கிறோம்?

இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலையில், அந்த வாரத்து ஷிப்டு தெரிந்ததும், மாதக் காலண்டரில் குறித்துவிடுகிறோம். தண்ணீர் பிடிப்பது யார், பையனைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றுவது யார், வாசலுக்குப் பதில் சொல்வது யார், என் இரண்டு மணி நேரம் எப்போது என்று. இரண்டாம் ஷிப்டு வாரத்தில் காலை வேலை கணவருடையது. வாசல் மாமியாருடையது. திண்ணையில் அவர் யாரிடமோ, "அவ எழுதினு இருக்கா, செத்த கழிச்சி வா" என்று சொன்னது ஒருநாள் உள்ளே கேட்டது. விதி என்னையும் கட்டுகிறது: என் நேரம் முடிந்தால் நோட்டை மூடிவிட வேண்டும், எவ்வளவு நல்ல வரி வந்துகொண்டிருந்தாலும்.

எந்த ஏற்பாட்டுக்கும் அடங்காத நாட்கள் உண்டு. ஆடியில் கூழ் வார்க்கும்போது ஒலிபெருக்கி அதிகாலையிலேயே தொடங்கிவிடும். அறுவடை நேரத்தில் நெல் காயும்போது வானம் கருத்தால் எல்லோரும் ஓடியாக வேண்டும். தெருவில் ஒரு சாவு விழுந்தால் எழுத்து நிற்கத்தான் வேண்டும். அதை இடையூறு என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

உங்கள் வீட்டில் எழுதுகிறவரோ, பரீட்சைக்குப் படிக்கிறவரோ, வரைகிறவரோ ஒருவர் இருந்தால், மனதை ஒருமுகப்படுத்து என்று அவருக்குப் புத்தி சொல்வதை நிறுத்துங்கள். அவர் வேலைகளில் எதை, எந்த நேரத்தில், யார் எடுத்துக்கொள்வது என்று இந்த வாரமே உட்கார்ந்து பேசுங்கள். பேசியதைச் சுவரில் எழுதியும் வையுங்கள்.