வெள்ளமும் அயலான் உரிமையும்

தன் வாசலில் தேங்கும் நீரை வடிய விடுதல் எவர்க்கும் இயல்பான உரிமையெனவே தோன்றும். ஆயின், வடிந்த நீர் எங்கே சென்று சேர்கின்றது என்ற வினா எழுந்தவுடன் அவ்வுரிமை ஓர் அறப் பிரச்சினையாகிவிடுகின்றது. சனநெருக்கடி மிக்க வீதிகளின் கீழே மழைநீர் வடிகால்களை அமைத்தல் பொறியியலாளர்க்கு மட்டுமே உரிய விடயமன்று என்பது இதனாற் பெறப்படும்.

யப்பானியத் தலைநகர்ப் புறத்தே 2006இல் நிறைவெய்திய நிலக்கீழ் வெள்ளப் போக்கி ஏறக்குறைய 50 மீற்றர் ஆழத்தில் 6.3 கிலோமீற்றர் செல்கின்றது. சிற்றாறுகளின் பெருக்கை அது பேராறொன்றிற் சேர்க்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பெய்யும் மழையே சுண்ணாம்புக்கற் படுகையினுள் இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய் நின்று, கிணறுகளை ஊட்டுகின்றது. ஆகவே, கார்த்திகையில் உடுப்பிட்டி வீதியை மறிக்கும் வெள்ளமே கோடையில் அவ்வூரார் அள்ளிக் குடிக்கும் நீருமாகும்.

அதற்காக வெள்ளத்தைத் தேங்கவே விடுக எனக் கூறுதல் அறமாகாது. 2008 நவம்பரில் 'நிஷா' சூறாவளியோடு வந்த பெருமழை குடாநாட்டிற் பல்லாயிரம் குடும்பங்களை இடம்பெயரச் செய்தது. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வழியின்றி நிற்பவனிடம் நிலத்தடி நீரின் பெருமையைப் பேசுதல் கொடுமையே. பெரும்பான்மையோரின் நன்மையை அளவுகோலாகக் கொண்ட பெந்தம் வடிகாலின் பக்கமே நிற்பார். ஆயினும், அப்பெரும்பான்மையுள் நாளை பிறப்போரையும் எண்ணிக்கொள்ளல் வேண்டுமன்றோ?

ஒருவன் தன் செயலை யாவர்க்கும் பொதுவிதியாக்க இயலுமா என நோக்குக என்றார் கான்ற். இச்சோதனையை ஈண்டுப் பிரயோகிக்கலாம். ஒவ்வொருவரும் மண்ணிட்டுத் தம் வளவை உயர்த்தினால், பள்ளத்தில் வாழும் வறியவன் முற்றமே குளமாகும். ஒவ்வோர் ஊரும் தன் மழையைக் கடலுக்கே அனுப்பினால், யாவர் கிணறும் உவராகும். கண்ணுக்கு மறைவான குழாய் இத்தீங்கை நீக்குவதில்லை; காண்போர் மனச்சாட்சியிலிருந்து மறைக்கின்றது.

உடுப்பிட்டிக்கு அயலேயுள்ள தொண்டைமானாற்றைக் கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்தான் என மரபு கூறும். கடலுக்கு வழிதிறந்த அதே நீர்வழியில், கடந்த நூற்றாண்டிலே உவர்நீரைத் தடுத்து மழைநீரைத் தேக்கும் பொருட்டு அணை எழுந்தது. திறத்தலும் மூடலும் ஆகிய இரண்டும் தேவையே. எதனை எப்போது செய்வது என்பதிலேதான் நீதி தங்கியுள்ளது.

எனவே, நிலக்கீழ் வடிகால் வேண்டற்பாலதே; ஆயின் அது முதலிற் குளங்களையும் தரவைகளையும் நாடிச் செல்லல் வேண்டும். வீதி நீர் எண்ணெயையும் அழுக்கையும் சுமந்து வருவதால், வடிகட்டாது சுண்ணாம்புக்கல்லினுள் இறக்குதல் கிணறுகளுக்கே கேடாகும். எஞ்சிய மிகையே கடலுக்குரியது. தூர்ந்த குளத்தை மீட்காமலும், பள்ளத்தில் வாழ்வோரைக் கேளாமலும் இடப்படும் குழாய், ஒரு வீதியின் துன்பத்தை இன்னொரு வாசலுக்கு மாற்றியதேயன்றித் தீர்த்ததாகாது.