யார் தின்ற நேரம்?

வேலைக்குப் போகும் தாயைப் பார்த்து, "எப்படித்தான் ரெண்டையும் சமாளிக்கிறாங்களோ!" என்று வியப்பது நம் வழக்கம். கேட்க இதமாகத்தான் இருக்கும். ஆனால் அமெரிக்காவின் கறுப்பினப் பெண் பொறியாளர்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, இந்தப் பாராட்டின் மேல் எனக்குச் சந்தேகம் வலுக்கிறது. ஒருத்தியின் நேரத்தையெல்லாம் பிடுங்கிக்கொண்டு, மிச்சத்தில் அவள் குடும்பம் நடத்துவதைப் பார்த்துக் கைதட்டுவதில் என்ன பெருந்தன்மை இருக்கிறது?

மேரி ஜாக்சன் வர்ஜீனியா மாநிலத்தின் ஹாம்ப்டன் ஊர்க்காரர். 1951இல் லாங்லி விமான ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். பின்னாளில் நாசாவின் பகுதியான இடம் அது. கறுப்பினப் பெண்களைத் தனியே உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொன்ன பிரிவில்தான் அவருக்கு இடம். ஒருமுறை வளாகத்தின் வேறொரு பகுதிக்கு வேலையாகப் போனபோது, கழிப்பறை எங்கே என்று அங்கிருந்த வெள்ளைக்காரப் பெண்களிடம் கேட்டார். உன் கழிப்பறை எங்களுக்கு எப்படித் தெரியும் என்பதுபோல் சிரித்தார்கள். அந்தக் கோபத்தை அவர் கசிமியெர்ஸ் சார்னெட்ஸ்கி என்ற பொறியாளரிடம் கொட்டித் தீர்க்க, அவர் தன் காற்றுச் சுரங்கத்துக்கே வேலைக்கு வந்துவிடச் சொன்னார். ஒலியைவிட வேகமாகக் காற்றைச் செலுத்தி விமான மாதிரிகளைச் சோதிக்கும் கூடம் அது. பிறகு, பொறியாளராகிவிடு என்று தூண்டியவரும் அவரே.

அதற்கு மாலை வகுப்புகளில் உயர்கணிதமும் இயற்பியலும் படிக்க வேண்டும். வகுப்பு நடந்ததோ வெள்ளையர் மட்டும் படிக்கும் ஹாம்ப்டன் உயர்நிலைப் பள்ளியில். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் சொன்னதை வர்ஜீனியா காதில் போட்டுக்கொள்ளவில்லை. நகர நிர்வாகத்திடம் மனுப் போட்டு, தனி அனுமதி வாங்கித்தான் மேரி அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தார். 1958இல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளரானார். வீட்டில் ஒரு மகன், ஒரு மகள். பகலெல்லாம் வேலை, மாலையில் வகுப்பு என்பது எந்தத் தாய்க்கும் பாரம்தான். மனுவும் அனுமதியும் கழிப்பறைத் தேடலும் நிறத்துக்காக மேலே ஏற்றிய பாரம். அந்த நேரம் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது.

அவருடைய பிரிவுத் தலைவி டாரதி வானின் கதை இன்னும் கனமானது. ஃபார்ம்வில் என்ற ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், 1943இல் லாங்லி வேலைக்குப் போனார். சம்பளம் இரண்டு மடங்குக்கும் மேல். பிள்ளைகளை முதலில் கணவர் வீட்டாரிடம் விட்டுவிட்டுத்தான் போக முடிந்தது. மாமியார் வீடு கைகொடுக்காமல் இருந்திருந்தால் அவர் 1949இல் அந்தப் பிரிவுக்குத் தலைவியாகியிருப்பாரா? தனியொருத்தியின் சாமர்த்தியமாக நாம் கொண்டாடுவதற்குள் எத்தனையோ பேருடைய கைகள் இருக்கின்றன.

வேலையும் வீடும் எப்போதும் மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தன என்றும் நான் சொல்லமாட்டேன். இன்ஜின் இல்லாத பெட்டி வண்டியைச் சரிவில் உருட்டிவிடும் சிறுவர் பந்தயத்துக்கு மேரியின் மகன் வண்டி கட்டியபோது, காற்றின் இழுவையைக் குறைக்கும் வித்தையை அம்மா சொல்லிக்கொடுத்தார். பையன் ஜெயித்தான். எந்த டியூஷனில் கிடைக்கும் அது?

1979இல் மேரி பொறியாளர் பதவியை விட்டார். அதற்கு மேல் மேற்பார்வைப் பதவி அவருக்கு எட்டவில்லை. பதவி இறக்கத்தை ஏற்றுக்கொண்டு, பிற பெண்களின் வேலை உயர்வுக்கான திட்டத்தை நடத்தப் போனார். அப்போது அவருடைய பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்டிருந்தார்கள். மாலைகள் அவருடையவையாகிவிட்ட பிறகும் மேலே போகும் கதவு திறக்கவில்லை என்றால், அதை இத்தனை காலமும் அடைத்து நின்றவர்கள் அந்தப் பிள்ளைகள் இல்லை.