வரிசையில் நிற்பவர்க்கும் ஆட்டம் உண்டு

2022 ஜூன் மாதத்தில் இலங்கை மக்கள் பெற்றோல் நிலைய வரிசைகளில் நாட்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். வரிசையிலேயே உயிர் விட்டவர்களும் உண்டு. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று ஏப்ரல் 12ஆம் திகதியே அரசு கைவிரித்திருந்தது. எரிவாயு இல்லை, மருந்துக்குத் தட்டுப்பாடு, பிள்ளைகளின் படிப்பும் தடைப்பட்டது. அந்த நேரத்தில்தான் அவுஸ்திரேலியக் கிரிக்கெட் அணி வந்திறங்கியது. ஊர் மின்வெட்டில் தவிக்க, மைதானத்தில் இரவு விளக்குகள் எரிந்தன. பசித்தவன் கண்முன்னே பந்தாடுவது தகுமா என்று பலர் மனம் நொந்து கேட்டார்கள்.

தகும். பசித்தவனும் அந்த ஆட்டத்தில் பங்குகொள்ள முடியுமானால், கட்டாயம் தகும்.

கேட்டவர்களின் நோவு மெய்யானது. படகுக்கு எண்ணெயின்றி மீனவர் கரையில் இருந்த நாளில், விளக்குக்கு எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்பது அவர்கள் உரிமை. செலவுக்குக் கணக்குக் கேட்கட்டும். ஆனால், துன்ப காலத்தில் சிரிப்பே குற்றம் என்ற தீர்ப்பைத் தமிழ் அறமரபு ஏற்காது.

புறநானூற்றின் 194ஆம் பாடலில் பக்குடுக்கை நன்கணியார் இதே காட்சியைத்தான் வைக்கிறார். ஒரு வீட்டில் சாவுப்பறை, மறு வீட்டில் மணமுழவு. இப்படியோர் உலகைப் படைத்தவனையே பண்பில்லாதவன் என்று சினக்கிறார் புலவர். பலரும் அந்தச் சினத்தோடு பாடலை மூடிவிடுகிறார்கள். அவரோ, உலகின் இயல்பறிந்தவர்கள் இதற்குள்ளும் இனியதைக் காண வேண்டும் என்றே முடிக்கிறார். மணவீட்டு முழவை நிறுத்தச் சொல்லவில்லை. 22ஆம் அதிகாரத்தில் ஒப்புரவைப் பேசிய வள்ளுவர், 63ஆம் அதிகாரத்தின் முதற்குறளிலேயே இடுக்கணை எதிர்கொள்ளும் சிரிப்பையும் பேசுகிறார். அமிழ்தமே கிடைத்தாலும் தனித்து உண்ணாதவர்களால்தான் உலகம் நிலைக்கிறது என்பது கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியின் வாக்கு. வள்ளல் குமணனிடம் பரிசில் பெற்று வந்த புலவர் பெருஞ்சித்திரனார், வறுமையில் உழன்ற மனைவியிடம், என்னைக் கேட்காமலே எல்லோர்க்கும் கொடு என்கிறார். நாளைக்கு வேண்டுமென்று பூட்டி வைக்காதே என்றும் சொல்கிறார். இத்தனை சான்றோரும் தனித்து நுகர்வதை வெறுத்தார்கள். கூடி நுகர்வதை ஒருவரும் பழிக்கவில்லை.

யாழ்ப்பாணத்தாருக்கு இது ஏட்டுப்படிப்பு அன்று. தென்னிலங்கை 2022இல் கண்ட இருளை வடக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டது. அப்போது அதைக் கேட்க ஆள் இருக்கவில்லை. போர்க்காலம் அது; 1990க்குப் பின் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு திரி, அதுதான் இரவு விளக்கு. பாட்டுக் கேட்க ஆசை வந்தால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார்கள். ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து போகும் வயரில் வானொலி பாடும். கை ஓய்ந்தால் பாட்டும் மங்கும். உடனே அடுத்தவர் வந்து பெடலைப் பிடிப்பார். பக்கத்து வீட்டாரும் முற்றத்தில் குந்தியிருந்து கேட்பார்கள். அந்தப் பாட்டில் ஒத்துழைப்பு எது, களிப்பு எது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

அரிசியையும் விறகையும் பகிர்ந்தால் போதும், கூட்டுறவு அத்தோடு முடிந்தது என்று எண்ணுகிறோம். அப்படி எண்ணலாகாது. வயிறு நிறைந்தும் முகம் வாடியிருக்கும் வீட்டில் பிள்ளை எப்படி வளரும்? அயல்வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஆளுக்கொரு பிடி மாவும் சீனியும் கொடுங்கள். பாடத் தெரிந்தவர் பாடுங்கள். காசில்லை என்று பிள்ளைகளின் விளையாட்டைப் பறிக்காதீர்கள். அதேவேளை, கதவைச் சாத்திக்கொண்டு விருந்துண்பவர்களுக்கு இந்த வாதத்தில் அடைக்கலம் தேட இடமில்லை.

1996 உலகக் கிண்ண அணியில் ஆடிய ரொஷான் மகாநாம, 2022 ஜூன் 18ஆம் திகதி கொழும்பில் எரிபொருளுக்கு நின்றவர்களிடையே தேநீரும் பணிசும் பரிமாறினார். வரிசையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுங்கள், உடம்புக்கு முடியாவிட்டால் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆறு நாள் கழித்து, ஜூன் 24ஆம் திகதி, பிரேமதாச மைதானத்தில் கடைசி ஒருநாள் ஆட்டம் நடந்தது. தொடரை இலங்கை ஏற்கெனவே வென்றிருந்தது. அன்று பார்வையாளர்களில் ஏராளமானோர் எதிரணியின் மஞ்சள் நிறத்தை உடுத்திவந்து, அவுஸ்திரேலியாவின் பெயரைச் சொல்லி ஆரவாரித்தார்கள். இந்த நிலைமையிலும் எங்கள் நாட்டுக்கு வந்தீர்களே என்ற நன்றி அது. வரிசையில் நின்று களைத்த சனம்தான் இதைச் செய்தது. தொடரில் தோற்ற அணியையும் மகிழ்விக்கும் பெருந்தன்மை அவர்களிடம் இருந்தது. ஆகஸ்ட் மாதத்தில் அந்த வீரர்கள் சுற்றுப்பயணத்தில் கிடைத்த பரிசுப்பணத்தை, 45,000 அவுஸ்திரேலிய டொலரை, இலங்கைப் பிள்ளைகளுக்காக யுனிசெஃப் அமைப்பிடம் கொடுத்தார்கள்.