எங்கும் நிறைந்த இறைவனும் சொந்த ஊர்ப் பொங்கலும்

பங்குனி உத்திரத்தன்று திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்துச் சாஸ்தா கோயில்களிலும், மாசிச் சிவராத்திரியன்று மதுரை, தேனி வட்டாரத்துக் குலதெய்வக் கோயில்களிலும் கூடுவோரில் பலர் பிழைப்புக்காகச் சென்னைக்கும் கோவைக்கும் மும்பைக்கும் சென்று குடியேறியவர்கள். அவர்கள் வாழும் நகரங்களிலும் கோயில்கள் உண்டு. இறைவன் எங்கும் இருக்கிறான் என்பதையும் அவர்கள் மறுப்பதில்லை. அவ்வாறிருக்க, முன்னோர் வாழ்ந்த ஊருக்குத் திரும்பி, உறவினருடன் அடுப்பு மூட்டிப் பொங்கி, அங்கேயே உண்டால்தான் வழிபாடு நிறைவுறும் எனக் கருதுவது சமயநெறியைச் சேர்ந்ததா, அல்லது ஊர்ப்பற்றும் நாவின் ஆசையும் தெய்வத்தின் பெயரால் நிறைவேறும் ஏற்பாடா என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

எங்கும் நிறைந்த பொருளை ஓரிடத்தில் ஏன் வணங்க வேண்டும் என்பதற்குத் தமிழ்ச் சமய மரபு நெடுங்காலத்துக்கு முன்பே விடை கண்டிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் 12ஆம் நூற்பா, அடியாரின் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே கண்டு வழிபடச் சொல்கிறது. பாலில் நெய் மறைந்திருப்பது போல இறைவன் எங்கும் மறைந்திருந்தாலும், தயிரில் நெய் விளங்குவது போல இவ்விடங்களில் வெளிப்பட்டு நிற்கிறான் என்பது அதன் விளக்கம். வைணவத்தில் பிள்ளை லோகாசாரியர், உள்ளத்தில் உறையும் அந்தர்யாமி நிலையை நிலத்தடி நீருக்கும், கோயிலில் எழுந்தருளும் அர்ச்சாவதாரத்தை வெள்ளம் வடிந்த ஆற்றில் தேங்கி நிற்கும் மடுவுக்கும் ஒப்பிட்டார். நீர் இரண்டிடத்திலும் உண்டு. தாகம் கொண்டவனின் கைக்கு எட்டுவது மடுவே. ஆயினும் இவ்விரு விடைகளும் ஆலயம் எதற்கு என்பதை விளக்குகின்றனவேயன்றி, ஒரு குடும்பத்துக்கு இந்த ஓர் ஆலயம் ஏன் இன்றியமையாதது என்பதை விளக்கவில்லை.

மண்ணின் மகிமையே காரணம் என்று கூறிவிடவும் இயலாது. ஊரைவிட்டுப் பெயர்ந்தவர்கள் மூலக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துச் சென்று, அதை நிலைநிறுத்திப் புதிய கோயில் எழுப்புவதற்குப் ‘பிடிமண் எடுத்தல்’ என்று பெயர். தெய்வம் மண்ணோடு இடம்பெயரும் என்பதை மரபே ஒப்புக்கொண்டிருக்க, அவ்வாறு கோயில் எழுப்பியவர்களும் மூலக் கோயிலை மறப்பதில்லை. காரணம், கைப்பிடிக்குள் அடங்காத ஒன்று அங்கே எஞ்சியிருக்கிறது. அது பங்காளிகளின் கூட்டம். ஒரே தந்தைவழியில் வந்து, ஒரே குலதெய்வத்தை வணங்கி, தமக்குள் மணவுறவு கொள்ளாதவர்கள் பங்காளிகள் எனப்படுவர். கொடை எனப்படும் கோயில் விழாவின் செலவு, மணமாகித் தனிக் குடும்பமாக எண்ணப்படும் ஒவ்வொரு ஆணையும் ஒரு ‘தலைக்கட்டு’ எனக் கொண்டு வரியாகப் பிரிக்கப்படுகிறது. செல்வரும் ஏழையும் ஒரே தொகையைச் செலுத்துவதே பொதுவான முறை. சொத்துத் தகராறில் பேச்சு அறுந்துபோன அண்ணனும் தம்பியும்கூட இந்தக் கணக்கில் அடுத்தடுத்த வரிகளில் நிற்க நேர்கிறது.

இந்தக் கூட்டத்தை வழிபாடாக மாற்றுவது சமையல். மூன்று கல் கூட்டி, கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டிய பானையை ஏற்றி, ஓலையும் சுள்ளியும் எரித்துப் பச்சரிசி பொங்குகிறார்கள். பானை எந்தத் திசையில் பொங்கி வழிகிறது என்று பெரியவர்கள் பார்த்து நிற்க, பெண்கள் குலவையிடுகிறார்கள். அய்யனார் சைவப் படையல் ஏற்பவர் என்பதால், கருப்பசாமி போன்ற பரிவார தெய்வங்களுக்குக் கிடா வெட்டும்போது அவர் சந்நிதியின் முன் திரையிடுவது பல கோயில்களில் வழக்கம். கறியைக் கூறு போடும்போது ஒரு கூறு மற்றொன்றைவிடப் பெரிதாகிவிடக் கூடாது. சில கோயில்களில் சமைத்ததை வீட்டுக்குக் கொண்டுசெல்லவும் கூடாது. மிஞ்சியதை அங்கேயே புதைத்துவிட வேண்டும்.

இங்கே நாவின் இன்பத்தை வழிபாட்டின் குறையாகக் கருதத் தேவையில்லை. துறவியின் அறம் சுவையை ஒடுக்குவது. இல்லறத்தானின் அறம் வேறு. திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரம், மறைந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் ஆகிய ஐந்திடத்தும் அறநெறி தவறாமல் நடப்பதைத் தலையாய கடமையாக வைக்கிறது. தன்னையும் அப்பட்டியலில் சேர்த்திருப்பது கவனிக்கத்தக்கது. குலதெய்வக் கோயிலில் ஒரே உலையில் வெந்த சோறு ஐவருக்கும் போய்ச் சேர்கிறது. எனவே ஊர்ச் சாப்பாட்டுக்காக ஏங்கி வருபவனின் பசி வழிபாட்டுக்குப் புறம்பானதன்று.

ஆயினும் இந்நெறிக்கு எதிரான வாதம் வலிமையானது. இராமலிங்க வள்ளலார் சிறுதெய்வங்களின் பெயரால் நிகழும் உயிர்ப்பலியைக் கடிந்தார்; 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவி, சாதி சமயம் பாராமல் பசித்தவர் அனைவருக்கும் உணவிடுவதையே முத்திக்கு வழியாக்கினார். அவர் நெறியில் உணவுக்கு உரிமை தருவது பசி. குலதெய்வப் பந்தியிலோ உரிமை தருவது பிறப்பு. அப்பிறப்புரிமையும் முழுமையானதன்று. மணமாகிச் செல்லும் பெண் கணவனின் குலதெய்வத்துக்கு உரியவளாகிவிடுவதால், பிறந்த வீட்டுக் கோயிலில் அவள் பெயரில் தலைக்கட்டு இல்லை. விடிய விடிய மேளம் அடித்தவரும் பறை முழக்கியவரும் பந்திக்கு வெளியே தனியாக உண்ண நேரும் கோயில்கள் இன்றும் உள்ளன.

ஆகவே, ஊருக்குத் திரும்பிப் பொங்கி உண்பது சமயச் செயலா என்னும் வினாவுக்கு, ஆம் என்பதே விடை. ஆனால் அது நிபந்தனைக்கு உட்பட்ட விடை. எங்கும் நிறைந்த இறைவன் தன் உறவினரிடமும் இருக்கிறான் என்பதை, பகை கொண்ட பங்காளியின் அருகில் அமர்ந்து உண்ணும்போது மனிதன் செயலில் ஒப்புக்கொள்கிறான். அத்துடன் நின்றுவிட்டால், அந்த இறைவனைத் தன் குலத்துக்கு மட்டும் உரியவனாகக் குறுக்கியும் விடுகிறான். தலைக்கட்டு வரியை மகள்களின் பெயரிலும் வாங்குவதற்கும், மேளக்காரரைப் பந்தியிலேயே அமர்த்துவதற்கும் எந்த ஆகமமும் தடையாக நிற்கவில்லை. அடுத்த கொடைக்குக் கூடும் பங்காளிகள் முடிவெடுத்தால் போதும்.