'வேர்ல்ட்லி' என்று யாரைச் சொல்கிறோம்?



நம்ம எடமலைப்பட்டி புதூர் விசுவாசிகள் வாயில் சரளமாக வருகிற இங்கிலீஷ் வார்த்தை ஒன்று உண்டு. 'வேர்ல்ட்லி'. "அவர் ரொம்ப வேர்ல்ட்லி பிரதர்", "அந்தக் குடும்பமே வேர்ல்ட்லி." இங்கிலீஷ் எழுத்தே தெரியாத பாட்டிமாரும் சொல்கிறார்கள். வெளியே ஒருத்தரை 'லௌகீகம் தெரிஞ்சவர்' என்றால் அது பாராட்டு. நம்மிடம் அதுவே தீர்ப்பு.

நானும் சொன்னவன்தான். சில வருஷத்துக்கு முன், புதிதாக இரட்சிக்கப்பட்டு வந்த ஒரு சகோதரியின் கம்மலைப் பார்த்து, அவர்கள் காதில் விழும்படியே சொன்னேன். இரண்டு ஞாயிறு பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். மூன்றாம் ஞாயிறு வரவில்லை.

அதற்கப்புறம்தான் அந்த வார்த்தையை வேதத்தில் தேடினேன். 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் அது இரண்டே இடத்தில்தான் இருக்கிறது. ஒன்று தீத்து 2:12. நாம் வெறுக்கவேண்டிய இச்சைகளைப் பற்றியது; நம் தமிழ் வேதாகமத்தில் 'லௌகிக' என்று இருக்கிறது. இன்னொன்று எபிரெயர் 9:1. அங்கே எதை வேர்ல்ட்லி என்கிறது தெரியுமா? பரிசுத்த ஸ்தலத்தை! தேவன் சொல்லி மோசே போட்ட ஆசரிப்புக் கூடாரத்தை! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிரேக்கத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே வார்த்தைதான், 'கொஸ்மிகொஸ்'. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் விவரமானவர்கள், இங்கே 'பூமிக்குரிய' என்று போட்டார்கள். அப்படியானால் இந்த வார்த்தை ஒரு பொருள் எந்த இடத்தைச் சேர்ந்தது என்றுதான் சொல்கிறது. தீத்துவில் குற்றம் இச்சையில் இருக்கிறது.

"அப்ப 1 பேதுரு 3:3?" என்று கேட்பீர்கள். அங்கே அலங்காரத்துக்கு உள்ள கிரேக்க வார்த்தை 'கொஸ்மொஸ்'. யோவான் 3:16-ல் தேவன் அன்புகூர்ந்த உலகத்துக்கும் அதே வார்த்தை. (கடையில் காஸ்மெட்டிக்ஸ் என்கிறோமே, அதுவும் அந்த வம்சம்தான்.) பேதுரு ஒரே மூச்சில் மூன்றைச் சொல்கிறார்: மயிரைப் பின்னுவது, பொன், உடை உடுத்துவது. சடை பின்னி வந்த பிள்ளையை நாம் யாரையாவது முறைத்ததுண்டா?

நகை கழற்றினவர்களை நான் குறை சொல்லவில்லை. அது அவர்கள் கர்த்தருக்குக் கொடுத்த சாட்சி. என் மனைவியும் கழற்றினவள்தான். அந்தத் தங்கத்தை விற்று நான் ஒரு பிளாட் வாங்கினேன். 2025-ல் பஞ்சப்பூர் பஸ் நிலையம் திறந்ததிலிருந்து, ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போதே "சென்ட் என்ன விலை போகுது?" என்று கேட்கிறேன். என்னை ஒருத்தரும் வேர்ல்ட்லி என்று சொன்னதில்லை. வெறுங்கழுத்தும் வெள்ளைச் சட்டையுமாக அல்லவா இருக்கிறேன்!

ரோமர் 12:2-ல் 'பிரபஞ்சம்' என்று படிக்கிறோமே, அது கிரேக்கத்தில் 'அயோன்'. யுகம், காலம் என்று அர்த்தம். பவுலை விட்டுப்போன தேமா ஆசைவைத்ததும் இதன்மேல்தான். அவன் நகை போட்டிருந்தானா என்று வேதம் சொல்லவில்லை.

போன மாதம் அந்தச் சகோதரி வீட்டுக்குப் போனேன். "வாங்க ஐயா" என்று காபி கொடுத்தார்கள். காதில் கம்மல் இல்லை, ஈர்க்குச்சி இருந்தது. பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்கு அடகு வைத்தாயிற்றாம். ஜெபம் பண்ணச் சொன்னார்கள். கண்ணை மூடினேன், வெகுநேரம் எனக்கு வாய் திறக்கவில்லை.