மயில்கழுத்து நிறமும் மனச்சான்றும்

நீலமும் பச்சையும் கலந்து ஒளிரும் நிறத்தை மயில்கழுத்து நிறம் என்கிறோம். பட்டுச் சேலையில் நாம் போற்றும் அந்நிறத்தை ஒருவர் தம் வீட்டுச் சுவர் முழுவதும் அடர்த்தியாகப் பூசிவிட்டால் முகஞ்சுளிப்போர் உண்டு. "இத்தனை பகட்டு எதற்கு? வெள்ளைச் சுண்ணாம்பு போதாதா?" என்பர். அறம் நிறத்திலா இருக்கிறது என்பதே நாம் இங்குச் சிந்திக்க வேண்டிய வினா.

நிறத்தை விரும்புவது குற்றமன்று. உழைத்துக் களைத்து வீடு திரும்பும் மனிதர் கண்ணுக்கு இனிய ஒன்றைச் சுவரில் காண விழைவது இயல்பே. வெண்சுவருக்குள்ளும் செருக்கு குடியிருக்கக்கூடும். வண்ணச் சுவருக்குள்ளும் எளிமை வாழக்கூடும். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று: இந்த அழகின் விலையைக் கொடுப்பவர் யார்?

பச்சை நிறத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1775ஆம் ஆண்டில் கார்ல் வில்லெம் ஷீலே என்னும் வேதியியலார் சுவீடனில் செம்பையும் ஆர்செனிக் என்னும் நஞ்சையும் கொண்டு புதிய பச்சை நிறமி ஒன்றை உருவாக்கினார். அதுவும், அதன் வழிவந்த மரகதப் பச்சையும் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சுவர்த்தாள்களிலும் ஆடைகளிலும் செயற்கைப் பூக்களிலும் பரவின. செயற்கை இலைகளின்மீது அப்பச்சைத் தூளைத் தூவும் தொழில் செய்துவந்த மட்டில்டா ஷூரர் என்னும் 19 வயதுப் பெண், 1861ஆம் ஆண்டில் இலண்டனில் அந்நஞ்சேறி இறந்தார். அவ்விலைகளைச் சூடி மகிழ்ந்தோர் வேறு. உயிரைக் கொடுத்தவர் வேறு. ஆர்செனிக் சுவர்த்தாள்களைப் பிரிட்டனில் எந்தச் சட்டமும் தடைசெய்யவில்லை. நஞ்சற்ற தாளே வேண்டுமென்று வாங்குவோர் கேட்கத் தொடங்கியபோதுதான் அவை மறைந்தன.

இன்றைய மயில்கழுத்து நிறத்தில் ஆர்செனிக் இல்லை. ஆயினும் ஈயம் என்னும் கேடு நம்மை முற்றிலும் விட்டகலவில்லை. வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்னும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கதவுகளிலும் சன்னல் கம்பிகளிலும் பூசப்பட்டவை இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. புதுநிறம் பூசுவதற்காகப் பழையதை உலர்ந்த நிலையில் சுரண்டும்போது, அத்தூள் தொழிலாளியின் நுரையீரலுக்குள் செல்கிறது. தரையில் தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குள்ளும் செல்கிறது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இவ்வளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

முழுமை, இயைபு, ஒளிர்வு ஆகிய மூன்றும் அழகின் இலக்கணம் என்றார் புனித தோமா அக்குவினார். மயில்கழுத்து நிறச் சுவரில் ஒளிர்வு உண்டு; தேர்ந்து பூசினால் இயைபும் உண்டு. ஆனால் பூசியவரின் மூச்சைக் கெடுத்து எழுந்த அழகில் முழுமை ஏது?

ஆகவே, விரும்பிய நிறத்தை அச்சமின்றித் தேர்ந்துகொள்வோம். கூடவே, டப்பாவின் மேலுள்ள ஈயக் குறிப்பைப் படிப்போம். பழைய பூச்சை நனைத்துத் தேய்க்கச் சொல்வோம். கூலியோடு முகக்கவசமும் கொடுப்போம். வேலை முடியும்வரை குழந்தைகளை விலக்கி வைப்போம். சுவரின் நிறத்தைப் பார்த்து ஊரார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சுவதைவிட, அதைப் பூசியவர் நலமாக வீடு திரும்பினாரா என்று கேட்பதே மேலான அறம்.